மூல அச்சு பத்திரமாக இருக்கிறதா? – ரான்சம்வேர் தாக்குதலும் தரவுப் பாதுகாப்பும்

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தைச் 'செராமிக் நகர்' என்று சொல்வதுண்டு. இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இருக்கிறது. அகல் விளக்கு, கொலு பொம்மை, மின் இணைப்புக்கான பியூஸ் கட்டை, இன்சுலேட்டர் எனப் பல பொருள்கள் இங்குள்ள சிறு கூடங்களில் உருவாகி வெளியூர்களுக்குச் செல்கின்றன. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலரின் வீட்டுச் சோறு இந்தக் கூடங்களிலிருந்து வருகிறது.

முன்பு இந்தக் கூடங்களின் கணக்கு ஒரு நீளமான பேரேட்டில் இருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த பிறகு, சிறு தொழில் செய்வோரும் கணினிக்கு வந்தார்கள். பில், கையிருப்பு, யாருக்கு எவ்வளவு பாக்கி, கார்த்திகைக்கு எத்தனை ஆயிரம் விளக்கு முன்பதிவு என எல்லாமே இப்போது ஒரு கணினிக்குள்ளும் ஒரு கைப்பேசிக்குள்ளும் இருக்கின்றன. நம் பள்ளி அலுவலகமும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. எமிஸ் பதிவுகள், தேர்வுப் பெயர்ப் பட்டியல், உதவித்தொகை விவரம், மாணவர்களின் ஆதார் எண், பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவை இன்று நம் பொறுப்பில் உள்ள தரவுகள்.

பேரேடு தீயில் எரியலாம், கரையான் அரிக்கலாம். கணினியில் உள்ள கணக்கைத் தொலைவில் இருக்கும் ஒருவர் பூட்டிவிட்டு, 'பணம் கொடுத்தால் திறக்கிறேன்' என்று சொல்ல முடியும். இதைத்தான் ரான்சம்வேர் தாக்குதல் என்கிறோம். இது எப்படி நடக்கிறது, எப்படித் தடுப்பது, மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பூட்டு எப்படிப் போடப்படுகிறது?

கணினிக்குத் தீங்கு செய்ய எழுதப்பட்ட நிரல்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் தீநிரல். வைரஸ், வோர்ம், டிரோஜன், ஸ்பைவேர் என இதில் பல வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்று ரான்சம்வேர். இது கணினிக்குள் நுழைந்ததும் ஆவணங்கள், படங்கள், கணக்குக் கோப்புகள் ஆகியவற்றைத் தேடிப் பிடித்து மறையாக்கம் செய்கிறது. கோப்புகள் அழிவதில்லை, இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் திறந்தால் பொருளற்ற குறிகள் மட்டுமே தெரியும். பிறகு திரையில் ஓர் அறிவிப்பு வரும்: இத்தனை நாளுக்குள் இவ்வளவு பணத்தை மெய்நிகர் நாணயமாகச் செலுத்த வேண்டும் என்று.

இந்த மோசடி புதியதன்று. 1989ஆம் ஆண்டில் ஜோசப் பாப் என்பவர் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் நிரல் என்று சொல்லி, சுமார் 20,000 பிளாப்பி வட்டுகளை அஞ்சலில் பல நாடுகளுக்கு அனுப்பினார். வட்டைப் போட்டவர்களின் கணினி பின்னர் முடங்கியது. பனாமா நாட்டில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லித் திரையில் செய்தி வந்தது. அன்று அந்தப் பூட்டு எளிதில் திறக்கக்கூடியதாக இருந்தது. இன்றைய பூட்டு அப்படிப்பட்டதன்று.

இப்போதைய மறையாக்கத்தில் பயன்படும் 128 பிட் சாவியை எடுத்துக்கொள்வோம். அதில் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கங்கள் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது எந்தக் கணினிக்கும் இயலாது. எனவே பூட்டியபின் திறக்கும் வழியைத் தேடுவதைவிடப் பூட்டப்படாமல் காப்பதும், பூட்டப்பட்டாலும் பிழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்து வைப்பதுமே அறிவுடைமை.

எந்த வழியாக உள்ளே வருகிறது?

பெரும்பாலும் நாம் திறந்துவிடும் கதவு வழியாகவே வருகிறது.

முதலாவது, மின்னஞ்சல் இணைப்பு. 'கொள்முதல் ஆணை', 'வங்கி அறிவிப்பு' என்ற பெயரில் ஒரு கோப்பு வரும். பெயரின் நடுவில் பிடிஎஃப் என்று இருக்கும். கடைசியில் எக்ஸ்இ என்று முடியும். விண்டோஸில் கோப்பின் பின்னொட்டு மறைக்கப்பட்டிருந்தால் கடைசிப் பகுதி கண்ணுக்குத் தெரியாது. பின்னொட்டைக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்வது ஒரு நிமிட வேலை. அதேபோல், வேர்டு அல்லது எக்செல் கோப்பைத் திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால், அனுப்பியவரிடம் பேசி உறுதி செய்யாமல் அதை அழுத்தக் கூடாது.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது, அரசு உதவித்தொகைச் செயலி என்ற பெயர்களில் இவை சுற்றுகின்றன. அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வர வேண்டும். ஏபிகே என்பது கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. அதை நிறுவி அனுமதி கொடுத்தால், நம் குறுஞ்செய்திகளையும் வங்கி அனுப்பும் ஓடிபி எண்களையும் அது படிக்கத் தொடங்கும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்ப வேண்டியதில்லை. அவருடைய கைப்பேசியே அவருக்குத் தெரியாமல் அதை அனுப்பியிருக்கலாம்.

மூன்றாவது, பென் டிரைவ். ஜெராக்ஸ் கடைக் கணினியில் போட்ட பென் டிரைவ் பள்ளிக் கணினிக்கு வருகிறது, பிறகு ஆசிரியரின் மடிக்கணினிக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்த பிறகே திறப்பது நல்லது.

நான்காவது, காலாவதியான அல்லது திருட்டு மென்பொருள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. ஆதரவு முடிந்தால் புதிய ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். 'கிராக்' போட்டு இயக்கும் மென்பொருளில் தீநிரலும் சேர்ந்தே வரக்கூடும். புதிய விண்டோஸைத் தாங்காத பழைய கணினியில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தின் புதிய பதிப்பை நிறுவலாம். அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் மூலம் நம் மாணவர்கள் பலருக்கு அது பழக்கமானதே.

ஐந்தாவது, எளிய கடவுச்சொல். வெளியிலிருந்து கணினியை இயக்கும் 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதியைத் திறந்து வைத்துவிட்டு, கடவுச்சொல்லாக 12345 என்று வைத்திருந்தால் திருடனுக்கு வேலை மிச்சம்.

நடந்தவை சொல்லும் பாடங்கள்

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற ரான்சம்வேர் உலகம் முழுவதும் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. ஒரு கணினிக்கு 300 டாலர் கேட்டார்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் திணறின. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனால்ட்-நிசான் கார் ஆலையும் பாதிப்பிலிருந்து தப்பவில்லை. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத காலம் 'அப்டேட்' செய்யாமல் தள்ளிப்போட்ட கணினிகளே சிக்கின.

2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்ள பொதுத்துறையின் கணினிகள் தாக்கப்பட்டன. கோப்புகளைப் பூட்டியவர்கள் 1,950 டாலர் மதிப்புள்ள மெய்நிகர் நாணயம் கேட்டார்கள்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பூட்டப்பட்டன. வெளிநோயாளி பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை சுமார் இரண்டு வாரங்கள் கையால் எழுதி நடத்தினார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் தரவு மறையாக்கம் செய்யப்பட்டதாகவும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலைப்பின்னலைத் தனித்தனிப் பகுதிகளாகச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்றும் கூறியது. நோயாளிகளின் தரவு மீண்டது எப்படி? பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரில் நகல் இருந்தது. அதிலிருந்து புதிய சர்வர்களுக்கு ஏற்றினார்கள்.

2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் தாக்குதலுக்கு உள்ளானது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் நிறுவனம் அது. தாக்குதல் பரவாமல் இருக்க அதன் இணைப்பைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் துண்டித்ததால், சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்களால் அப்போது யுபிஐ போன்ற சேவைகளைப் பயன்படுத்த முடியவில்லை. தாக்கப்பட்டது ஓர் இடம். கிராமத்தில் பால் விற்ற பணத்தை எடுக்கக் காத்திருந்தவர் வரை அதன் பாதிப்பு சென்றது.

'பெரிய இடங்களைத்தானே தாக்குவார்கள், நம் சிறிய கூடத்தை யார் சீண்டப் போகிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. தீநிரல் ஆள் பார்த்து வருவதில்லை. திறந்திருக்கும் கதவுகளைத் தானாகவே தேடிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் 1865இல் தொடங்கிய சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று, 'நைட்ஸ் ஆஃப் ஓல்டு' என்பது அதன் பெயர், 2023இல் ரான்சம்வேர் தாக்குதலுக்குப் பின் மூடப்பட்டது. சுமார் 700 பேர் வேலை இழந்தனர். ஓர் ஊழியரின் பலவீனமான கடவுச்சொல்லை ஊகித்தே உள்ளே நுழைந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. ஒன்றரை நூற்றாண்டு கடந்த நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், பத்துப் பேர் வேலை செய்யும் பீங்கான் கூடம் கார்த்திகை மாத வசூல் கணக்கை இழந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பணம் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமா?

உறுதி கிடையாது. சாவி வராமல் போகலாம். வந்த சாவி பாதிக் கோப்புகளை மட்டுமே திறக்கலாம். 'இவர் கொடுப்பவர்' என்று தெரிந்து மறுபடியும் வரலாம். கொடுக்கும் பணம் அடுத்த தாக்குதலுக்கு முதலீடாகிறது. அதனால்தான் பணம் கொடுக்க வேண்டாம் என்று பாதுகாப்பு அமைப்புகள் அறிவுறுத்துகின்றன.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது வரும் கும்பல்கள் பூட்டுவதற்கு முன்பே தரவைத் திருடி எடுத்துக்கொள்கின்றன. பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்டுகின்றன. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பள்ளி மாவட்டம் 2022 செப்டம்பரில் தாக்கப்பட்டது. மாவட்ட நிர்வாகம் பணம் தர மறுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் திருடிய தரவை அவர்கள் இணையத்தில் வெளியிட்டார்கள். இந்த வகை மிரட்டலுக்குக் காப்பு நகல் மட்டும் மருந்தாகாது. தேவையற்ற தரவை வைத்திருக்காமல் இருப்பதே மருந்து.

மூல அச்சும் காப்பு நகலும்

காப்பு நகல் என்றால் என்ன என்பதை எங்கள் ஊர் மாணவர்களுக்கு விளக்க நான் பயன்படுத்துவது பீங்கான் அச்சு. பொம்மை செய்யும் கூடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரோரம் களிமண் படிகிறது. ஒரே அச்சில் தொடர்ந்து வார்த்தால் அது தேய்ந்துவிடும். அப்போது மூல அச்சிலிருந்து புதிய வேலை அச்சு எடுக்கிறார்கள். மூல அச்சை அன்றாட வேலைக்கு எடுப்பதில்லை. தனியே பத்திரமாக வைக்கிறார்கள். வேலை அச்சு உடைந்தால் ஒரு நாள் வேலை கெடும். மூல அச்சும் உடைந்தால் அந்தப் பொம்மையே போய்விடும்.

தரவுக்கும் இதே முறைதான். உலக அளவில் இதை 3-2-1 விதி என்கிறார்கள். மூன்று படிகள் இருக்க வேண்டும்: நாம் வேலை செய்யும் கோப்பு ஒன்று, நகல் இரண்டு. இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும்: கணினியிலும், வெளி ஹார்டு டிஸ்கிலும். ஒரு படியாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும்: வீட்டிலோ கிளவுடிலோ.

இதில் பலரும் கவனிக்காத மூன்று செய்திகள் உண்டு. ஒன்று, நகல் எடுத்ததும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். இரண்டு, கூகுள் டிரைவ் போன்றவற்றில் தானாக ஒத்திசைவு நடந்தால் பூட்டப்பட்ட கோப்பும் அங்கே போய்ச் சேரும். பழைய பதிப்பை மீட்கும் வசதி அதில் உண்டு, ஆனால் அதற்குக் கால வரம்பும் உண்டு. மூன்று, மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

கணினி பூட்டப்பட்டுவிட்டால்

பதற்றத்தில் செய்யும் செயல்கள் இழப்பைக் கூட்டும். வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. இணையக் கம்பியைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். அதே வலைப்பின்னலில் உள்ள பிற கணினிகளையும் பிரித்து வையுங்கள்.

2. பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். நகல் உள்ள டிஸ்கை அந்தக் கணினியில் செருகவே செருகாதீர்கள்.

3. திரையில் உள்ள அறிவிப்பைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காதீர்கள். உடனே பார்மட் செய்யாதீர்கள்.

4. தலைமையாசிரியருக்கும் மேல் அலுவலருக்கும் உடனே தெரிவியுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணை ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழையுங்கள். நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் சைபர் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான ஆணை கூறுகிறது.

5. 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளத்தைப் பாருங்கள். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் கணினிப் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது இது. சில வகை ரான்சம்வேர்களுக்கான சாவிகள் இங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இன்று சாவி இல்லாத வகைக்குப் பின்னாளில் கிடைக்கலாம். கோப்புகளை அழிக்க வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

6. கணினியை முழுமையாகச் சுத்தம் செய்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பிறகே நகலிலிருந்து தரவை ஏற்றுங்கள்.

பள்ளி அலுவலகத்தில் நாம் செய்ய வேண்டியவை

நம்மிடம் இருப்பது குழந்தைகளின் தரவு. ஒரு கடையின் கணக்கு போனால் மறுபடி எழுதலாம். ஒரு குழந்தையின் ஆதார் எண்ணும் முகவரியும் சாதிச் சான்றும் தாயின் கைப்பேசி எண்ணும் வெளியே போனால் திரும்பப் பெற வழியில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது.

எமிஸ் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் வழக்கத்தை விடலாம். ஆதார் நகலையும் வங்கிப் புத்தகப் படத்தையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்பதை நிறுத்தலாம். பதிவு முடிந்ததும் கைப்பேசியில் தங்கியிருக்கும் படங்களை அழிக்கலாம். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கலாம். அலுவலகக் கணினியில் விளையாட்டும் திரைப்படப் பதிவிறக்கமும் வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். இவை எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: 'தெரியாததைத் தொடாதே, தெரிந்தவரிடம் கேள்.' பெயர் எழுதாத பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்து, திறக்கலாமா என்று பேச விடலாம். பிறகு கைப்பேசியில் வரும் தெரியாத கோப்புக்கு அந்தப் பேச்சை நகர்த்தலாம். வீட்டில் அம்மாவின் கைப்பேசியை அதிகம் கையாளுபவர்கள் இந்தக் குழந்தைகள்தான்.

உயர்நிலை வகுப்புகளில் மறையாக்கத்தையே விளையாட்டாக்கலாம். க, ங, ச, ஞ, ட, ண என்ற மெய் வரிசையில் ஒவ்வொரு எழுத்தையும் அடுத்த எழுத்தாக மாற்றினால், 'கடல்' என்பது 'ஙணவ்' ஆகும். ஒன்பதாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது சற்று நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். 18 மெய்களில் நகர்த்தும் வழிகள் 17தான். சாவிகள் 39 இலக்க எண்ணிக்கையில் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் வகுப்பு அமைதியானது. "அப்போ போலீஸாலயும் திறக்க முடியாதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பல நேரங்களில் முடியாது என்பதே உண்மையான பதில். அதைச் சொன்ன பிறகுதான் காப்பு நகல் ஏன் வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கியது.

மேல்நிலை வகுப்பில் வாய்ப்பு இன்னும் அதிகம். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இணையப் பாதுகாப்புப் பாடம் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் டேலி உள்ளது. டேலி கற்பிக்கும்போது பேரேடு உருவாக்குவதோடு நிறுத்தாமல், பேக்கப் எடுத்து, தரவை நீக்கி, மீண்டும் ரீஸ்டோர் செய்யும் பயிற்சியையும் சேர்க்கலாம். ஒரு பாடவேளை போதும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம்.

சிறு தொழில் கூடத்துக்குக் கணினிப் பாதுகாப்பு அலுவலர் என்று தனியாக ஒருவரை நியமிக்க வசதி இல்லை. அந்த வீட்டில் மேல்நிலை படிக்கும் பிள்ளைதான் பல வேளைகளில் அந்த அலுவலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் கணக்கை ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, கழற்றி, பீரோவில் வைக்க அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், அந்தக் குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு பத்திரமாக இருக்கும். அடுத்த வாரப் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குவோம். அதற்கு முன், நம் பள்ளிக் கணினியில் கடைசியாக எந்தத் தேதியில் நகல் எடுக்கப்பட்டது என்று பார்த்துவிடுவோம்.